வீட்டு டேபிள்ல கேம், காப்பிரைட் பயம்: புதுசா ஜிஎம் ஆகறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மாசம் எங்க சனிக்கிழமை கேமுக்கு, அதாவது ஒருத்தர் ஜிஎம்மா (கேம் மாஸ்டர்) கதையை நடத்த, மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா டைஸ் உருட்டி விளையாடற ரோல்பிளேயிங் கேமுக்கு, புதுசா ஒரு தம்பி வந்தான், காலேஜ் ரெண்டாவது வருஷம். உக்காந்ததும் முதல் கேள்வி, "அண்ணா, கடையில வாங்கின புக்ல இருக்கற கதையை நாம இப்படி வீட்ல உக்காந்து விளையாடறது காப்பிரைட்ல வராதா?" ரொம்ப சீரியஸா கேட்டான். கேம் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது ரெண்டாவது கேள்வி, "அந்த புக்கோட பிடிஎஃப் இருந்தா குரூப்ல போட்டு விடுங்கண்ணா." இதை ரொம்ப சாதாரணமா கேட்டான். பயப்படவே வேண்டாத எடத்துல பயம், நின்னு யோசிக்க வேண்டிய எடத்துல யோசனையே இல்ல. புதுசா வர்ற நிறைய பேர் இப்படித்தான் வர்றாங்க, நானும் அப்படித்தான் வந்தேன், அதனால உக்காந்து முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்ஃபைண்டர், கால் ஆஃப் கதுல்ஹு, எந்த கேம் விளையாடினாலும் கீழ சொல்றது பொருந்தும். நான் வக்கீல் இல்ல. காசுக்கு விக்கற மாதிரி ஏதாவது செய்யப் போறீங்கன்னா ஒரு வக்கீலைப் பாத்துட்டு செய்ங்க. வீட்ல நாலஞ்சு பேர் விளையாடறதுக்கு இது போதும்.

ஸ்டெப் 1: ஒரு பக்கத்தைத் திறந்து வச்சு, எது யாருதுன்னு பிரிங்க

கையில இருக்கற ஏதாவது ஒரு அட்வென்ச்சர் புக்கை (விளையாடறதுக்குத் தயாரா எழுதி வச்ச கதை) எடுத்து நடுவுல ஒரு பக்கத்தைத் திறங்க. பொதுவா என்ன இருக்கும்? மேல ஒரு கலர் பெட்டிக்குள்ள ஜிஎம் வாசிச்சுக் காட்டறதுக்கு ஒரு பத்தி, "கதவைத் தள்ளினதும் ஈர வாடை அடிக்குது" அந்த மாதிரி. பக்கத்துல அந்த அறையோட மேப். கீழ காப்ளின்ங்கற குட்டி பூதம், ஏசி 15 (அதை அடிக்கத் தேவையான நம்பர்), எச்பி 7 (அதோட உயிர்), அதோட அட்டாக் நம்பருங்க, இந்த நம்பர் தொகுப்புக்குப் பேர் ஸ்டாட் பிளாக். ஓரத்துல ஒரு ஓவியம். அப்புறம் "டிசி 13 டெக்ஸ்டெரிட்டி சேவ் போடணும், தோத்தா குழிக்குள்ள விழுவாங்க"ன்னு ஒரு ரூல், அதாவது சுறுசுறுப்புக்கு டைஸ் உருட்டி 13ஐ எட்டணும்.

இதுல அந்தப் பத்தி, மேப், ஓவியம் மூணுக்கும் காப்பிரைட் உண்டு. ஏன்னா அது ஒருத்தர் உக்காந்து தன் வார்த்தையில எழுதினது, தன் கையால வரைஞ்சது. ஆனா இருபது பக்க டைஸை உருட்டி, ஒரு நம்பரைக் கூட்டி, இன்னொரு நம்பரைத் தாண்டுதான்னு பாக்கற முறை இருக்கே, அதுக்குக் காப்பிரைட் கிடையாது. விளையாடற முறைக்கு எந்த ஊர்லயும் பொதுவா காப்பிரைட் குடுக்கறதில்ல. அமெரிக்கக் காப்பிரைட் ஆபீஸே கேமோட ஐடியா, பேரு, விளையாடற முறை இதுக்கெல்லாம் காப்பிரைட் இல்லன்னு வெளிப்படையா சொல்லியிருக்கு. அந்த முறையை விளக்கி எழுதின வாக்கியத்துக்குத்தான் உரிமை. அதே ரூலை நீங்க உங்க வார்த்தையில எழுதிக்கிட்டா அது உங்க எழுத்து.

நம்ம நாட்டுலயும் இதேதான். 1978ல சுப்ரீம் கோர்ட்ல ஆர்.ஜி. ஆனந்த் வழக்குன்னு ஒண்ணு, ஒரு நாடகத்தைப் பாத்து இந்திப் படம் எடுத்துட்டாங்கன்னு நாடகம் எழுதினவர் போட்ட கேஸ். ஐடியாவுக்கும் கருவுக்கும் காப்பிரைட் இல்ல, அதை வெளிப்படுத்தின விதத்துக்குத்தான்னு கோர்ட் சொல்லி, படம் எடுத்தவங்க பக்கம் தீர்ப்பு வந்துச்சு. கேம்லயே வேணும்னா 2008 ஸ்கிராபுலஸ் கேஸ் இருக்கு. கொல்கத்தா அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஸ்கிராபிள் மாதிரியே ஃபேஸ்புக்ல ஒரு கேம் போட்டு அது உலகம் பூரா ஓடுச்சு, மேட்டல் கம்பெனி டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. காப்பிரைட்னு சொல்லி அந்த கேமை நிறுத்த கோர்ட் இடைக்கால உத்தரவு தரல, ஆனா அந்தப் பேரைப் பயன்படுத்தக் கூடாதுன்னு டிரேட்மார்க்ல உத்தரவு போட்டுச்சு. அவங்க பேரை லெக்சுலஸ்னு மாத்திக்கிட்டு கேமைத் தொடர்ந்து நடத்தினாங்க. கேம் வேற, கேமோட பேர் வேறன்னு எனக்கு நல்லா ஏறினது இந்தக் கேஸைப் படிச்சப்பதான்.

ஸ்டெப் 2: நீங்க இருக்கற ஊர்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க

நெட்ல எங்க பாத்தாலும் ஃபேர் யூஸ், ஃபேர் யூஸ்னு பேசிக்கறாங்க, அது அமெரிக்கா வார்த்தை. அங்க 107வது பிரிவுல நாலு விஷயத்தை வச்சு எடை போடுவாங்க: எதுக்காக எடுத்த, எந்த மாதிரி படைப்புல இருந்து எடுத்த, எவ்ளோ எடுத்த, நீ எடுத்ததால அவங்க வியாபாரம் அடிவாங்குமா. இது முன்கூட்டியே கிடைக்கற அனுமதிச் சீட்டு இல்ல, கேஸ்னு வந்தா எடுத்து வைக்கற வாதம். "ஃபேர் யூஸ்தான் ப்ரோ"ன்னு சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு நினைக்கறவங்க இதை ஒருதடவை நிதானமா படிங்க.

இந்தியாவுல அது ஃபேர் டீலிங். 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல எதெதுக்கு விலக்குன்னு பட்டியலாவே போட்டிருக்காங்க, அதுல முதல்லயே வர்றது சொந்த உபயோகம், தனிப்பட்ட உபயோகம். அந்த உபயோகத்துக்காகக் கம்ப்யூட்டர்லயோ ஃபோன்லயோ சேமிச்சு வைக்கறதும் மீறல் ஆகாதுன்னு அங்கயே விளக்கமும் இருக்கு. நமக்கு வேண்டியது இதுதான். ஆனா அந்த 'ஃபேர்'ங்கற வார்த்தை சும்மா நிக்கல. சொந்த உபயோகம்னாலும் நியாயமான அளவுல இருக்கணும்.

சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு 2021 சட்டம், அதுல ஃபேர் யூஸ்ங்கற பேர்லயே இருக்கு. இலங்கையில 2003ஆம் வருஷத்து 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், அங்கயும் ஃபேர் யூஸ் பிரிவு உண்டு. எந்த ஊரா இருந்தாலும் வீட்டுக்குள்ள நண்பர்களோட விளையாடறதுக்காக யாரும் உங்களைத் தேடி வரப் போறதில்ல, சட்டமும் அதைக் குத்தமா பாக்கறதில்ல.

ஸ்டெப் 3: டேபிளைச் சுத்தி தைரியமா செய்ங்க

நீங்க வாங்கின புக்ல இருக்கற பத்தியை சத்தமா வாசிங்க. குரலை மாத்தி வாசிங்க. மேப்பைப் பாத்து சார்ட் பேப்பர்ல பெருசா வரைஞ்சு தரையில விரிங்க. ஸ்டாட் பிளாக்கைத் துண்டுச் சீட்டுல எழுதி ஸ்கிரீனுக்குப் பின்னாடி ஒட்டிக்குங்க. பிளேயர் கையில குடுக்கற கடிதம், துப்பு, இதெல்லாம் ஒரு பக்கம் ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து டீத்தண்ணியில முக்கிக் காய வச்சு பழைய ஓலை மாதிரி பண்ணிக் குடுங்க. கேரக்டர் ஷீட்டுலயும் ஹேண்ட்அவுட்லயும் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்துக்கலாம்னு நிறைய பதிப்பாளருங்க அச்சடிச்சே தர்றாங்க, பக்கத்தோட அடியில சின்ன எழுத்துல இருக்கும் பாருங்க.

பின்ட்ரெஸ்ட்ல ஒரு கோட்டைப் படம் பாத்தீங்க, "இதான் நீங்க பாக்கற ஊர்"னு ஃபோனைத் திருப்பிக் காட்டறீங்க, ஒண்ணும் ஆகாது. ஒரு படத்துல வர்ற வில்லனை அப்படியே தூக்கி உங்க ஊர்ல ஜமீன்தாரா வைக்கறீங்க, நல்லா பண்ணுங்க. ஒரு புக்ல இருந்து குகை, இன்னொரு புக்ல இருந்து டிராகன், மூணாவது புக்ல இருந்து சாபம்னு கலந்து அடிக்கறீங்க, எல்லா ஜிஎம்மும் காலங்காலமா அப்படித்தான் பண்றோம்.

புக்கைக் கடன் குடுக்கறதும் முழுக்க சரி. நீங்க வாங்கின புக், நீங்க யாருக்கு வேணா குடுக்கலாம், பழைய புக் கடையில விக்கவும் செய்யலாம். ஆன்லைன்ல விளையாடறீங்கன்னா, ரோல்20, ஃபவுண்ட்ரி மாதிரி ஆன்லைன் டேபிள்ல உங்க ஆறு பேர் மட்டும் நுழையற கேம்ல நீங்க வாங்கின மேப்பை ஏத்தறதை, டேபிள் மேல விரிக்கறதோட தொடர்ச்சின்னுதான் நான் பாக்கறேன்.

ஸ்டெப் 4: காப்பி கதவைத் தாண்டற எடத்துல நில்லுங்க

இங்கதான் நான் ரொம்ப நேரம் பேசணும், ஏன்னா இங்க நான் தப்பு பண்ணியிருக்கேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன பதிப்பாளர்கிட்ட அட்வென்ச்சர் ஒண்ணு பிடிஎஃப்பா வாங்கினேன். எழுதினது ஒருத்தர், வரைஞ்சது ஒருத்தர், ரெண்டே பேர். எங்க பிளேயர்ஸ்ல ஒரு அக்கா "ஒரு தடவை படிச்சுட்டு வர்றேன், லிங்க் குடு"ன்னாங்க, நானும் டிரைவ்ல போட்டு, லிங்க் இருக்கறவங்க யார் வேணா பாக்கலாம்னு வச்சு, வாட்ஸ்அப் குரூப்ல தட்டி விட்டுட்டேன். அந்த குரூப்ல அப்ப பதினாலு பேர். மூணு மாசம் கழிச்சு எனக்குத் தெரியாத ஒரு டெலிகிராம் சேனல்ல அதே ஃபைல் கெடந்துச்சு. திறந்து பாத்தா ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் வெளிறின எழுத்துல என் பேரும் ஆர்டர் நம்பரும். டிஜிட்டலா விக்கற பல கடைங்க வாங்கினவர் பேரையோ மெயிலையோ இப்படிப் பக்கத்துல பதிச்சுத்தான் தர்றாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மாட்டிக்குவேனோங்கற பயம் கொஞ்சம்தான், அந்த ரெண்டு பேர் ராத்திரி ராத்திரியா உக்காந்து செஞ்ச வேலையை நான் தெருவுல போட்டுட்டேனேங்கறதுதான் நெஞ்சை அறுத்துச்சு. அவங்களுக்கு மெயில் போட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன், அந்த சேனல்ல புகார் குடுத்து எடுக்கச் சொன்னேன். அங்க எடுத்தாங்க, அதுக்குள்ள எத்தனை பேர் கைக்குப் போச்சோ.

அதனால நான் இப்ப வச்சிருக்கற வழக்கம் இது. முழு பிடிஎஃப் என் கையை விட்டுப் போகாது, நெருங்கின நண்பனா இருந்தாலும் சரி. பிளேயருக்கு அவன் கேரக்டர் சம்பந்தப்பட்ட பக்கம் வேணும்னா அந்தப் பக்கத்தை மட்டும் ஃபோட்டோ எடுத்து அவனுக்கு மட்டும் அனுப்புவேன். டிரைவ்ல ஏதாவது வச்சா பேர் போட்டு ஷேர் பண்ணுவேன், கேம்பெயின், அதாவது பல வாரமா ஓடற அந்தக் கதை, முடிஞ்சதும் எடுத்துடுவேன்.

இன்னொண்ணு, புக்கை ஜெராக்ஸ் கடையில குடுத்து முன்னூறு பக்கத்தையும் அஞ்சு செட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுக்கறது. நிறைய குரூப்ல நடக்குது, புக் விலை அம்பது டாலர் பக்கத்துல, இங்க வந்து சேர்றதுக்குள்ள இன்னும் ஏறிடுது, படிக்கற பசங்களுக்கு அது பெரிய காசு, எனக்குப் புரியுது. ஆனாலும் என் கணக்குல இது சொந்த உபயோகத்துக்குள்ள அடங்காது, வாங்கற புக்குக்குப் பதிலா உக்கார்ற காப்பி அது. காசு இல்லன்னா நேர்மையான வழி நிறைய இருக்கு, அதைத்தான் அடுத்து சொல்றேன்.

ஸ்டெப் 5: சும்மாவே கிடைக்கறதை முதல்ல எடுத்துக்குங்க

இது தெரியாமத்தான் பாதிப் பேர் திருட்டு பிடிஎஃப் தேடறாங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு பேசிக் ரூல்ஸ் கம்பெனியே இலவசமா தர்றாங்க, முதல் ஆறு மாசம் அதுவே தாராளம். பாத்ஃபைண்டர் ரூல்ஸ் மொத்தமும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்ங்கற சைட்ல பப்ளிஷரோட சம்மதத்தோடயே இருக்கு. பேசிக் ஃபேன்டஸிங்கற கேம் பிடிஎஃப் இலவசம். கெய்ர்ன், டன்ஜன் வேர்ல்டு எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ்ல வந்திருக்கு.

முக்கியமானது எஸ்ஆர்டி 5.1 (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட்), டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட அடிப்படை ரூல்ஸ் தொகுப்பு. அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 2000ல இருந்து ஓஜிஎல்னு (ஓபன் கேம் லைசென்ஸ்) ஒரு லைசென்ஸ் இருந்துச்சு, அதை நம்பித்தான் எத்தனையோ சின்ன கம்பெனிங்க டி அண்ட் டி ரூல்ஸை வச்சு புக் போட்டாங்க. 2023 ஜனவரியில டி அண்ட் டியை வெளியிடற விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி அதை மாத்தப் போறாங்கன்னு டிராஃப்ட் ஒண்ணு லீக் ஆச்சு, வருஷம் ஏழரை லட்சம் டாலருக்கு மேல வருமானம் வந்தா மேல வர்றதுல 25 சதவீதம் வரைக்கும் குடுக்கணும்னு அதுல இருந்துச்சு. விளையாடறவங்க கொதிச்சுப் போய் டி அண்ட் டி பியாண்ட்ங்கற அவங்க சைட்டோட சந்தாவைக் கேன்சல் பண்ண ஆரம்பிச்சாங்க. கடைசியில ஜனவரி 27ஆம் தேதி கம்பெனி இறங்கி வந்து, பழைய ஓஜிஎல்லை அப்படியே விட்டுட்டு, நானூறு பக்கத்துக்கு இருக்கற எஸ்ஆர்டி 5.1யை கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0ல, அதாவது பேரைச் சொல்லிட்டு யார் வேணா பயன்படுத்தலாம்ங்கற லைசென்ஸ்ல, போட்டுட்டாங்க. 2025ல 5.2வும் அதே மாதிரி வந்துச்சு. கிரியேட்டிவ் காமன்ஸ்ல ஒருதடவை குடுத்தா திருப்பி வாங்க முடியாது.

அதாவது என்ன அர்த்தம்னா, எஸ்ஆர்டியில இருக்கற கிளாஸ், ஸ்பெல், மான்ஸ்டர் எல்லாத்தையும் நீங்க காப்பி பண்ணலாம், அச்சடிக்கலாம், குரூப்ல போடலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். எஸ்ஆர்டி முதல் பக்கத்துல ஒரு வாசகம் இருக்கும், இன்னார் எழுதினது, இந்த லைசென்ஸ்னு, அதை அப்படியே உங்க புக்குல போட்டுடணும், அவ்ளோதான். அப்ப தமிழ்ல மொழிபெயர்க்கலாமா? தாராளமா. இது எனக்கு ரொம்ப சந்தோஷமான விஷயம். பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைத் தமிழ்ல மொழிபெயர்த்து வெளியிட உங்களுக்கு உரிமை இல்ல, மொழிபெயர்ப்பு உரிமை அவங்களோடது. ஆனா எஸ்ஆர்டியைத் தமிழ்ல போட யார்கிட்டயும் கேக்கவே வேண்டாம். எங்க வீட்ல அத்தை பொண்ணு பத்து வயசு, அவளுக்காக அந்த ஸ்பெல் லிஸ்ட்ல முப்பது ஸ்பெல் தமிழ்ல எழுதி அட்டையில ஒட்டியிருக்கேன், ஃபயர்பால்னு எழுதின அட்டைதான் முதல்ல கிழிஞ்சுது.

எஸ்ஆர்டியில எல்லாமே இருக்காது. கிளாஸுக்கு (வீரன், மந்திரவாதி மாதிரி பாத்திர வகை) ஒரு சப்கிளாஸ்தான், 5.1ல ஃபீட்ங்கற கூடுதல் திறமை ஒண்ணே ஒண்ணு, கிராப்ளர். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் மாதிரி அவங்க தனியா வச்சுக்கிட்ட ஜந்துங்களோட ஸ்டாட் பிளாக் கிடையாது.

ஸ்டெப் 6: சொந்தமா எழுதறதை வெளியிடப் போறீங்கன்னா பேரைப் பாருங்க

டேபிள்ல பிஹோல்டர் வரலாம், போகலாம். அதே அட்வென்ச்சரை நீங்க பிடிஎஃப்பா வெளிய விடும்போதுதான் பிரச்சனை. 1974ல டி அண்ட் டி முதல்ல வந்தப்ப அதுலயே ஹாபிட், என்ட், பால்ராக் எல்லாம் அதே பேர்ல இருந்துச்சு, டோல்கீன் உரிமைகளை வச்சிருந்தவங்க தரப்புல ஆட்சேபம் வந்ததும் ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பாலோர்னு மாத்தினாங்க. இத்தனை பெரிய கேமே பேரை மாத்திக்கிட்டுத்தான் வந்திருக்கு.

பேரை மட்டும் மாத்தி மத்ததை அப்படியே வைக்கறது சரியான வழி இல்ல. நடுவுல ஒரு பெரிய கண்ணு, மேல பத்துக் கண்ணு, காத்துல மிதக்கற உருண்டைன்னா பேர் என்னவா இருந்தாலும் அது பிஹோல்டர்தான். உங்களுக்கு அதுல பிடிச்சது என்னன்னு யோசிங்க, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல பாக்கற ஒண்ணுகிட்ட மாட்டிக்கற பயமா? அப்ப பாழடைஞ்ச கோட்டைச் சுவர்ல பதிஞ்சிருக்கற கண்ணுங்க, சுவர் முழுக்க ஒரே பூதம், எந்தக் கண்ணை மூடினாலும் அடுத்த கண்ணு திறக்கும்னு நீங்களே ஒண்ணு செய்யலாம். அது உங்களுது.

நம்ம கதையில இருந்து எடுக்கணும்னா காலக்கெடுவைப் பாத்துக்குங்க. இந்தியாவுல எழுதினவர் இறந்து 60 வருஷம். கல்கி இறந்தது 1954, அவர் எழுத்து இப்ப எல்லாருக்கும் பொது, வந்தியத்தேவனை வச்சு நீங்க கேம்பெயின் எழுதி விக்கலாம். ஆனா அதுக்கு வரைஞ்ச ஓவியம், அதுல இருந்து எடுத்த சினிமாவோட வசனம், சினிமாவுல வர்ற உடை அலங்காரம், இதுக்கெல்லாம் உரிமை தனித்தனி, அதைத் தொடாதீங்க. ஓவியம் வேணும்னா நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017ல இருந்து லட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாம குடுத்திருக்காங்க, பழைய வாள், கவசம், சோழர் வெண்கலம்கூட தேடினா கிடைக்கும்.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் மாதிரி டி அண்ட் டி கம்பெனியோட கற்பனை உலகத்துலயே எழுதணும்னு ஆசையா இருந்தா டிஎம்ஸ் கில்டுன்னு ஒரு இடம் இருக்கு, 2016ல ஆரம்பிச்சது, அங்க அவங்க அனுமதியோட எழுதி விக்கலாம், விலையில பாதி உங்களுக்கு. ஆனா அங்க போட்டதைத் திருப்பி வேற எங்கயும் விக்க முடியாது, அதை யோசிச்சுட்டுப் போடுங்க.

ஸ்டெப் 7: கேமரா, மேடை, காசு

கேமை ரெக்கார்ட் பண்ணி யூட்யூப்ல போடறீங்களா, அப்ப அது வீட்டு டேபிள் இல்ல, ஊரே பாக்குது. டி அண்ட் டிக்கு ஃபேன் கன்டென்ட் பாலிசின்னு ஒண்ணு இருக்கு: பாக்கறவங்ககிட்ட காசு வாங்கக் கூடாது, லோகோ போடக் கூடாது, இது அதிகாரப்பூர்வம் இல்லன்னு அவங்க குடுத்த வாசகத்தைப் போடணும், விளம்பரத்துல வர்ற காசு பரவாயில்ல. மத்த கேமுக்கு அந்தந்தக் கம்பெனி பாலிசியைத் தேடிப் படிங்க. எதுவா இருந்தாலும் பெட்டிக்குள்ள இருக்கற பத்தியை அப்படியே வாசிக்காம உங்க வார்த்தையில சொல்லுங்க, மேப்பை முழுசா கேமராவுல காட்டாதீங்க. பின்னணியில சினிமா பாட்டு வேண்டவே வேண்டாம், வீடியோ அதுலதான் முதல்ல மாட்டும்.

கிளப்ல, கஃபேல ஓபன் டேபிள் நடத்தறீங்கன்னா, டிக்கெட் இல்லாம அமெச்சூர் கிளப் நடத்தற நிகழ்ச்சிக்கு நம்ம 52வது பிரிவுலயே விலக்கு உண்டு. டிக்கெட் போட்டா அந்த விலக்கு போயிடும். ஜிஎம்மா இருக்கறதுக்குக் காசு வாங்கறவங்க, உங்க நேரத்துக்கு வாங்குங்க, காப்பிக்கு வாங்காதீங்க.

சந்தேகம்னா மெயில் போட்டுக் கேளுங்க, இதை யாருமே செய்யறதில்ல. யார் நீங்க, எந்த புக், எத்தனை பேர், எங்க காட்டப் போறீங்க, காசு உண்டா இல்லையா, அஞ்சு வரி போதும். லைப்ரரியில பசங்களுக்காக ஒரு நாள் கேம் நடத்தறதுக்கு நான் அப்படி ஒரு சின்ன பதிப்பாளருக்கு எழுதினேன், ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு: நடத்துங்க, ஹேண்ட்அவுட் எத்தனை வேணா பிரிண்ட் எடுத்துக்குங்க, ஆனா அட்டைப் படத்தைப் போஸ்டர்ல போடாதீங்க, அது ஓவியர்கிட்ட நாங்க புக்குக்கு மட்டும் வாங்கினதுன்னு. போஸ்டருக்கு நானே ஒரு டிராகனை வரைஞ்சு ஒட்டினேன். பதினோரு பசங்க வந்தாங்க.